துண்டு யார் கையில் இருந்தது: முகமது அலி, மணிலா முதல் பஹாமாஸ் வரை

வடசென்னையில் முகமது அலி படம் இல்லாத பாக்ஸிங் கிளாஸை நான் இதுவரை பார்த்ததில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கொருக்குப்பேட்டை, எங்கே போனாலும் சுவரில் அம்பேத்கர் பக்கத்தில் அலி இருப்பார். பெரும்பாலும் அந்த 1965 படம்தான்: மல்லாந்து கிடக்கும் சன்னி லிஸ்டனைப் பார்த்துக் கையை மடக்கி, எழுந்திருடா என்பது போலக் கத்திக்கொண்டு நிற்கிற படம். பசங்க கேட்பதும் அந்த அலியைப் பற்றித்தான். கொஞ்சம் விவரமான பையனாக இருந்தால் 1974, கின்ஷாசா, கயிற்றில் சாய்ந்து அடி வாங்கியே ஃபோர்மேனை ஜெயித்த கதை. 1980-ல் இருந்த அலியை யாரும் கேட்பதில்லை. வாத்தியார்களும் அந்தப் பக்கம் போவதில்லை.

நான் எழுத உட்கார்ந்தது அந்த அலியைப் பற்றி. புளியந்தோப்பு பக்கம் ஒரு சின்ன கிளாஸில் சாயங்காலம் கார்னர் வேலை பார்க்கிறவன் நான். வாத்தியாருக்குப் பின்னால் தண்ணி பாட்டில், ஐஸ், வாசலின் டப்பா, தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் அந்தத் துண்டு இருக்கிறதே, அதை ரிங்குக்குள் வீசினால் சண்டை முடிந்தது. உலகமே கொண்டாடிய சாம்பியனைச் சுற்றி டிரெய்னர், டாக்டர், மேனேஜர், சண்டைக்கு லைசென்ஸ் கொடுக்கிற அரசு கமிஷன் என்று அத்தனை பேர் இருந்தும், 1975-க்குப் பிறகு ஆறு வருஷம் யாருமே நேரத்துக்கு ஏன் நிறுத்தவில்லை? வில்லன் ஒருவரைக் கைகாட்டிவிட்டால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். படிக்கப் படிக்க அப்படி ஒரு ஆள் கிடைக்கவே இல்லை.

முதல் பாதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். 1942 ஜனவரி 17, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்தில் பிறப்பு. பெயர் காசியஸ் கிளே. 12 வயதில் சைக்கிள் திருட்டுப்போக, திருடியவனை உதைக்கப்போகிறேன் என்று அழுதுகொண்டே வந்த பையனை, முதலில் குத்தக் கற்றுக்கொள் என்று கூட்டிப்போனவர் ஜோ மார்ட்டின் என்கிற போலீஸ்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் தங்கம். 1964-ல் எல்லோரும் பயந்த லிஸ்டனை மயாமியில் உட்கார வைத்தார், லிஸ்டன் 7-வது ரவுண்டுக்கு ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் பெயர் மாற்றம், மதமாற்றம். 1967-ல் வியட்நாம் போருக்கு வரமாட்டேன் என்று மறுத்ததும் பட்டத்தைப் பறித்தார்கள், 5 வருஷச் சிறைத் தண்டனையும் 10,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். அப்பீலில் வெளியே இருந்தார், சிறைக்குப் போகவில்லை. ஆனால் 25 வயதிலிருந்து 28 வரை, ஒரு பாக்ஸரின் உடம்பு உச்சத்தில் இருக்கிற மூன்றரை வருஷம், ரிங்கில் கால் வைக்க முடியவில்லை. 1971-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

அந்த மூன்றரை வருஷம்தான் இந்தக் கேஸின் ஆரம்பம் என்பது என் கணக்கு. தடைக்கு முன்னால் இருந்த அலியை அடிப்பதே கஷ்டம். கையைக் கீழே தொங்கப்போட்டு, தலையைப் பின்னால் இழுத்து, காலாலேயே தப்பிப்பார். எங்க ஊரில் ஒரு பையன் அப்படி நின்றால் வாத்தியார் முதுகில் போடுவார், ஏனென்றால் அது கால் வேகம் இருக்கிறவரைதான் செல்லும். திரும்பி வந்தபோது கால் பழைய காலாக இல்லை. அதற்குப் பதிலாக அவர் தன்னிடம் புதிதாகக் கண்டுபிடித்தது, எவ்வளவு அடித்தாலும் தாங்கிக்கொண்டு நிற்கிற சக்தி. 1971-ல் ஜோ ஃப்ரேசியர் வளைத்துக் குத்திய இடது ஹூக்கில் 15-வது ரவுண்டில் விழுந்து, உடனே எழுந்துவிட்டார். 1973-ல் கென் நார்ட்டன் தாடையை உடைத்தும் கடைசி மணி வரை நின்றார். 1974-ல் ஃபோர்மேனைக் கயிற்றில் சாய்ந்து குத்த விட்டுக் களைக்க வைத்து 8-வது ரவுண்டில் சாய்த்தார். உலகமே கைதட்டியது. நானும்தான் வீடியோவில் பார்த்துக் கைதட்டினேன்.

அந்தக் கைதட்டலில் ஒரு விஷயம் மறைந்துபோயிற்று. அடி தாங்குவதை அலி பழக்கமாகவே ஆக்கிக்கொண்டார். பென்சில்வேனியாவில் டீர் லேக் என்கிற இடத்தில் இருந்த அவருடைய கேம்பில், ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) பார்ட்னர்களைத் தன்னைக் குத்தச் சொல்லிவிட்டுக் கயிற்றில் சாய்ந்து நிற்பார், உடம்பு பழகட்டும் என்று. கூட இருந்தவர்கள் பலரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். சண்டையில் வாங்கியதை டிவியில் பார்த்து எண்ணலாம். கேம்பில் வாங்கியதற்குக் கணக்கே கிடையாது.

மணிலாவில் ஒரு துண்டு

1975 அக்டோபர் 1, மணிலா பக்கத்து கெஸோன் சிட்டி. அலியும் ஃப்ரேசியரும் மூன்றாவது முறை. அமெரிக்க டிவி நேரத்துக்காகக் காலையில் வைத்த சண்டை, உள்ளே அடுப்பு மாதிரி புழுக்கம். 14 ரவுண்டு. ஃப்ரேசியருக்கு இடது கண் ஏற்கெனவே மங்கல், அது அப்போது வெளியே தெரியாது. வலது கண் வீங்கி மூடிக்கொண்டே வந்தது. 13, 14-ல் அலியின் வலது கை வருவதே அவருக்குத் தெரியவில்லை. நேராக முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தார்.

14-வது முடிந்ததும் ஃப்ரேசியரின் டிரெய்னர் எட்டி ஃபுட்ச் நிறுத்திவிட்டார். மிச்சம் ஒரே ஒரு ரவுண்டு, மூன்று நிமிஷம். ஃப்ரேசியர் எழுந்து நின்று வேண்டாம் என்று தடுத்தார், ஃபுட்ச் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். ரிங்கிலேயே ஆள் செத்ததைப் பார்த்தவர் அவர். எதிர்க் கார்னரில் அலியும் தாங்க முடியாத நிலையில்தான் இருந்தார், கிளவுஸை வெட்டி எடு என்று அவரே கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. ஃபுட்ச் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் ஃப்ரேசியர் ஜெயித்திருப்பார் என்று இன்றைக்கும் வாதம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃப்ரேசியருக்கும் அந்த வருத்தம் கடைசி வரை போகவில்லை. ஃபுட்ச் மட்டும் தான் செய்தது சரி என்பதிலிருந்து நகரவே இல்லை.

நான் இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு நிறுத்தப்பட்டது தோற்றவர் மட்டும்தான். சாவுக்குக் கிட்டத்தில் போய் வந்தேன் என்று அலியே பிற்பாடு சொன்ன சண்டை அது, ஆனால் ஜெயித்துவிட்டாரே, ஜெயித்தவனைப் போதும் என்று யார் சொல்வது? எங்க கிளாஸிலும் அப்படித்தான். தோற்றுவிட்டு வந்த பையனை நாலு பேர் சூழ்ந்துகொண்டு கண்ணைப் பார், வாயைப் பார் என்பார்கள். கப் வாங்கிய பையன் அன்று ராத்திரி வாந்தி எடுத்தால்கூட பிரியாணி ஜாஸ்தியாயிடுச்சு என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

டாக்டர் விலகினார்

அடுத்த வருஷம் நார்ட்டனுடன் மூன்றாவது சண்டை, யாங்கி ஸ்டேடியம், தீர்ப்பு அலிக்கு வந்தது, பார்த்தவர்களில் நிறைய பேர் நார்ட்டன் ஜெயித்தார் என்றே சொன்னார்கள். 1977 செப்டம்பர் 29, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் ஏர்னி ஷேவர்ஸ். அந்தக் காலத்தில் வலது கை பலத்துக்கு அவரைத்தான் சொல்வார்கள். 2-வது ரவுண்டிலேயே அலியை ஆட்டிவிட்டார். அலி வேண்டுமென்றே கிறுகிறுத்த மாதிரி நடிக்க, நிஜமா நடிப்பா என்று தெரியாமல் ஷேவர்ஸ் தயங்கிவிட்டார். அலி 15 ரவுண்டு நின்று பாயின்ட்டில் ஜெயித்தார்.

சண்டைக்கு அப்புறம் இரண்டு பேர் வாய் திறந்தார்கள். ஒருவர் கார்டனின் மேட்ச்மேக்கர், யாரோடு யார் மோதுவது என்று ஏற்பாடு செய்கிற டெடி பிரென்னர்: இனிமேல் இங்கே அலிக்குச் சண்டை தரமாட்டோம் என்று பத்திரிகைக்காரர்களிடமே அறிவித்தார். இன்னொருவர் பல வருஷம் அலியின் டாக்டராகக் கார்னரில் நின்ற ஃபெர்டி பச்சேகோ. நியூயார்க் கமிஷனின் பரிசோதனையில் அலியின் சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருவதாக லேப் ரிப்போர்ட் அவர் கைக்கு வந்தது. நகல் எடுத்து அலிக்கு, மனைவிக்கு, டிரெய்னர் ஆஞ்சலோ டண்டீக்கு, மேனேஜர் ஹெர்பர்ட் முகமதுக்கு அனுப்பினார். ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை. பச்சேகோ விலகிவிட்டார்.

அவரைப் பாராட்டி நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள், பாராட்டட்டும். எனக்கு ஒரு சின்ன நெருடல். சண்டை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் கார்னரை விட்டுப் போனதும், மிச்சம் இருந்தவர்கள் எல்லாம் சண்டை வேண்டும் என்கிறவர்கள். போகாமல் இருந்திருந்தால் கேட்டிருப்பார்களா? அதுவும் சந்தேகம்தான்.

1978 பிப்ரவரியில், அதற்கு முன் ஏழே ஏழு தொழில்முறைச் சண்டை போட்டிருந்த லியோன் ஸ்பிங்ஸிடம் தோற்றார். செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் அதே ஸ்பிங்ஸை ஜெயித்து மூன்றாவது முறை சாம்பியன். 1979-ல் ஓய்வு என்று அறிவித்தார். அங்கேயே விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை.

பெரியமேட்டில்

ஓய்வில் இருந்த அந்தச் சமயம்தான் அலி மெட்ராஸ் வந்தார். 1980 தொடக்கம், பெரியமேடு நேரு ஸ்டேடியம், ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை. எம்.ஜி.ஆர். முதலமைச்சர், அவர் வந்திருந்தார் (அடுத்த சில நாட்களில் அவர் ஆட்சியே கலைக்கப்பட்டது, பிப்ரவரி 17). புளியந்தோப்பு, சூளை, பட்டாளம், கொண்டித்தோப்பு பக்கத்து ஆட்களுக்குப் பெரியமேடு நடந்து போகிற தூரம். ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை என்று போஸ்டர் ஒட்டி, சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து சண்டை போட்ட ஊர் இது. ஹார்பரிலும் மில்லிலும் மூட்டை தூக்கிவிட்டு வந்து கிளவுஸ் மாட்டிய ஆட்கள். அவர்களுக்கு அலி நேரில் வந்தது என்றால் சும்மாவா.

எங்க வாத்தியார் அப்போது பள்ளிக்கூடப் பையன், அண்ணன்கள் கூட நடந்தே போயிருக்கிறார். "இன்னா வாத்தியாரே, எப்படி இருந்தாரு?" என்று கேட்டேன்.

"நல்லா உயரம் நைனா. செவப்பா, ஷோக்கா இருந்தாரு. கொஞ்சம் பூசினாப்ல. சும்மா டான்ஸ் ஆடினாரு, ஜனம் கத்துது. அடியே போடல."

"பேசினாரா?"

"பேசினாரு. எனக்கு எங்க புரியுது."

எதிரில் நின்ற எல்லிஸும் லூயிவில்காரர்தான், சின்ன வயசுச் சிநேகிதர், அலிக்குத் தடை விழுந்திருந்த காலத்தில் ஒரு பாக்ஸிங் அமைப்பின் உலகப் பட்டம் வைத்திருந்தவர். 1975-ல் ஸ்பாரிங்கில் கண்ணில் அடிபட்டு ஒரு கண் பார்வை போய்த்தான் ரிங்கை விட்டார். பிற்பாடு பாக்ஸர்களுக்கு வருகிற மூளைத் தேய்வு வந்து 2014-ல் இறந்தார். அன்றைக்குப் பெரியமேட்டில் ஜனம் கைதட்டிப் பார்த்த இரண்டு பேருக்குமே பின்னால் மூளை நோய்.

இந்தியாவிலிருந்து அலி நேராக ஆப்பிரிக்கா போனார். மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆதரவு கேட்டு வரும்படி அதிபர் கார்ட்டர் அனுப்பினார். தான்சானியாவில் அதிபர் நியரேரே பார்க்கவே மறுத்துவிட்டார். அரசியல் அவமானம் தனிக் கதை. ஆனால் அந்த வருஷம் அலி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஓய்வுபெற்ற மனிதர், தொப்பை போட்ட 38 வயதுக்காரர் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் அக்டோபரில் அவர் லாரி ஹோம்ஸுடன் ரிங்கில் இருந்தார்.

பேப்பர் எல்லாம் சரியாக இருந்தது

ஹோம்ஸுக்கு 30 வயது, 35 சண்டை, ஒன்றிலும் தோற்றதில்லை. ஒரு காலத்தில் டீர் லேக்கில் அலிக்கு ஸ்பாரிங் பார்ட்னராக இருந்து கற்றுக்கொண்ட ஆள்.

அலி நிஜமாகவே சண்டை போடலாமா என்று பலரும் கேட்டதால், சண்டை நடக்க இருந்த நெவாடா மாநிலத்துக் கமிஷன் மருத்துவப் பரிசோதனை கேட்டது. 1980 ஜூலையில் மேயோ கிளினிக் பரிசோதித்தது. அமெரிக்காவின் பெரிய ஆஸ்பத்திரி, ஏனோதானோ இடம் இல்லை. விரலால் மூக்கைத் தொடச் சொன்னபோது இலக்கு லேசாகத் தவறியது, ஒற்றைக் காலில் குதிப்பதில் லாவகம் இல்லை, பேச்சில் ஒரு சின்னத் தடங்கல், மூளையின் நடுத்தடுப்பில் ஒரு சிறு இடைவெளி. இத்தனையும் ரிப்போர்ட்டில் இருந்தது. அந்த இடைவெளி பிறவியிலேயே இருந்திருக்கலாம், மற்றவை களைப்பாக இருக்கலாம், சண்டை போடக்கூடாது என்று சொல்லக் காரணம் இல்லை என்றும் இருந்தது. கமிஷன் லைசென்ஸ் கொடுத்தது. ரிப்போர்ட்டை வெளியே விடவில்லை.

இங்கே யார் தப்பு செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டாக்டர்கள் கண்டதை எழுதினார்கள், பொய் எழுதவில்லை. ஆனால் அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி இவருக்கு நோய் இருக்கிறதா என்பது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 12 வருஷத்துக்கு முன்னால் இதே ஆள் எப்படி இருந்தார் என்பது. பக்கத்து வீட்டுக்காரனைப் போல நடக்கிறவர், பேசுகிறவர் என்றால் நார்மல்தான். முகமது அலிக்கு அது நார்மல் இல்லையே. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பழைய டிவி பேட்டிகளை எடுத்து அலியின் பேச்சு வேகத்தை அளந்து 2017-ல் வெளியிட்டார்கள்: 26 வயதுக்கும் 39 வயதுக்கும் இடையில் 26 சதவீதம் குறைந்திருந்தது. நோய் என்று 1984-ல் டாக்டர்கள் சொல்வதற்குப் பல வருஷம் முன்பிருந்தே, எல்லோர் வீட்டு டிவியிலும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அடுத்தது மாத்திரை. தைராய்டு சுரப்பி மந்தம் என்று அவருடைய அப்போதைய டாக்டர் தைரோலார் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். அலி ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுக்கொண்டார். எடை சரசரவென்று இறங்கியது, 217 பவுண்டுக்கு வந்து, வயிறு ஒட்டி, நரைமுடிக்குச் சாயம் அடித்து, கண்ணாடியில் பழைய அலி தெரிந்தார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள், பந்தயப் பணம்கூட அலி பக்கம் திரும்ப ஆரம்பித்தது. உள்ளே தசையும் தண்ணீரும் போயிருந்தன. அந்த மாத்திரையை அளவுக்கு மேல் போட்டால் இதயம் வேகமாக அடிக்கும், உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாது. நெவாடா பாலைவன வெயிலில் ட்ரெய்னிங். எங்க பசங்களும் எடை குறைக்க சாப்பாட்டை விட்டு, பிளாஸ்டிக் ஷீட் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பீச்சில் ஓடுகிறார்கள், எடை பார்க்கிற அன்று எச்சில் துப்பிக்கொண்டே நிற்கிறார்கள், அதனால் இந்த விஷயம் எனக்குப் புத்தக விஷயமாகத் தெரியவில்லை.

1980 அக்டோபர் 2, லாஸ் வேகஸ், சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் தற்காலிகமாகக் கட்டிய அரங்கம். முதல் ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோதே அலிக்குத் தெம்பில்லை. வியர்வைகூடச் சரியாக வரவில்லை என்பார்கள். ஹோம்ஸின் ஜாப், முன்கையை நேராக நீட்டி விடுகிற குத்து, ஒவ்வொன்றும் முகத்தில். அலி பதிலுக்கு எதையும் விடவில்லை, கயிற்றில் போய்ச் சாய்ந்தார், கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார், அதே கின்ஷாசா கோலம், ஆனால் இந்த முறை களைத்துப்போக எதிரில் ஃபோர்மேன் இல்லை. 9-வது ரவுண்டில் கீழிருந்து மேலே ஒரு அப்பர்கட், அப்புறம் விலாவில் ஒரு குத்து. அலி வலியில் கத்தியது ரிங் ஓரத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது. ஹோம்ஸ் நடுவர் ரிச்சர்ட் கிரீனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், நிறுத்துங்களேன் என்று. அடிக்கிறவன் கெஞ்சுகிறான், நடுவர் நிறுத்தவில்லை.

10-வது முடிந்தது. கீழே உட்கார்ந்திருந்த மேனேஜர் ஹெர்பர்ட் முகமது, பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தபடியே இருந்தவர், போதும் என்று ஆள் மூலம் ஜாடை காட்டினார். டண்டீ நடுவரைக் கூப்பிட்டு முடிந்தது என்றார். பண்டினி பிரவுன், அலிக்கு உற்சாகம் ஏற்றவே கார்னரில் இருந்த மனிதர், அலியின் மீது உயிரையே வைத்திருந்தவர், டண்டீயின் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்து இன்னும் ஒரே ஒரு ரவுண்டு என்று கெஞ்சினார். டண்டீ அவரைப் பார்த்து, இங்கே முடிவு என்னுடையது என்று கத்தினார். மூன்று நடுவர் சீட்டிலும் பத்து ரவுண்டும் ஹோம்ஸுக்கே போயிருந்தது. 61 சண்டையில் அலி நிறுத்தப்பட்டுத் தோற்றது இந்த ஒன்றில் மட்டும்தான். ஜெயித்த ஹோம்ஸ் அப்புறம் அழுதார்.

பண்டினி அந்த ஸ்வெட்டரைப் பிடித்த காட்சியை நான் பல தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். காசுக்காகக் கெஞ்சுகிற ஆள் இல்லை அவர். அலி ஜெயிப்பார் என்று நிஜமாகவே நம்பினார். எனக்குப் பயமாக இருப்பதும் அதுதான், ஏனென்றால் எங்க கார்னரில் அண்ணன் தம்பி, சித்தப்பா, மாமா என்று நிற்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பண்டினிகள்.

காசு விஷயம் ஒரு வரியில்: பேசியது 80 லட்சம் டாலர். அதில் 11.7 லட்சம் டாலர் குறைத்துக் கொடுத்ததாக, சண்டையை ஏற்பாடு செய்த புரமோட்டர் டான் கிங் மீது அலி வழக்குப் போட்டார், கடைசியில் 50,000 டாலர் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

இதற்கு மேலும் ஒரு சண்டை. 1981 டிசம்பர் 11, பஹாமாஸ் தீவின் நசாவ், ட்ரெவர் பெர்பிக், பத்து ரவுண்டு. மணி இல்லாமல் மாட்டு மணியைக் கொண்டுவந்து அடித்தார்கள். அன்றைய எல்லாச் சண்டைக்கும் சேர்த்துக் கிளவுஸ் இரண்டே ஜோடி. எங்க ஏரியா டோர்னமென்ட்டில்கூட இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கும், சத்தியமாக. அலி பாயின்ட்டில் தோற்றார். 40 வயதுக்கு ஒரு மாசம் பாக்கி. அதோடு நிறுத்தினார். மொத்தம் 56 வெற்றி, 5 தோல்வி.

அவரவர் வேலை

1984-ல் நியூயார்க்கில் பார்கின்சன் வகை நோய் என்று உறுதி செய்தார்கள். குத்துகள்தான் காரணம் என்று ஒரே அடியாகச் சொல்ல முடியாது, பாக்ஸிங் வாசனையே இல்லாதவர்களுக்கும் சின்ன வயதில் அந்த நோய் வருகிறது, டாக்டர்களுக்குள் இன்றைக்கும் வாதம் உண்டு. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் குத்து மூளையைக் கெடுக்கும் என்பது 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற நோயியல் மருத்துவர் எழுதிவைத்த விஷயம். 1973-ல் பிரிட்டனில் இறந்துபோன 15 பாக்ஸர்களின் மூளையை எடுத்து ஆராய்ந்து கோர்செல்லிஸ் குழு வெளியிட்டது. அலி ஃபோர்மேனைச் சந்திப்பதற்கு முந்தைய வருஷம் அது. அலியோடு மோதிய ஜெர்ரி குவாரி 53 வயதில், தன்னால் சாப்பிடவும் உடுத்தவும் முடியாத நிலையில் இறந்தார். அலியோடு மோதிய இன்னொருவர், முன்னாள் சாம்பியன் ஃப்ளாய்ட் பேட்டர்சன், நியூயார்க் கமிஷனின் தலைவராக இருந்துகொண்டே, தான் யாரை ஜெயித்துப் பட்டம் வாங்கினேன் என்பது ஞாபகம் வராமல் 1998-ல் பதவியை விட்டார்.

சரி, யார் நிறுத்தியிருக்க வேண்டும்? லேப் ரிப்போர்ட் வந்தது, டாக்டர் மேனேஜருக்கு அனுப்பினார். மேனேஜர், அலி பெரிய மனிதர், அவர் முடிவு என்று விட்டார். அலி, கமிஷன் லைசென்ஸ் கொடுத்திருக்கிறது என்றார். கமிஷன், மேயோ சரி என்றது என்றது. மேயோ, நோய் இல்லை என்று எழுதியது. டண்டீ, நான் இல்லாவிட்டால் வேறு யாராவது நிற்பான், அவன் நிறுத்தவும் மாட்டான் என்பது மாதிரி நினைத்துக்கொண்டு கூடவே நின்றார், கடைசியில் நிறுத்தியவரும் அவர்தான், பத்து ரவுண்டு கழித்து. ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்தார்கள், துண்டு அடுத்தவர் தோளில் இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். ஃபுட்ச் ஒருவர்தான் யாரையும் கேட்காமல் செய்தவர். அவர் காப்பாற்றியது ஃப்ரேசியரை.

பிற்பாடு சட்டங்கள் வந்தன. 1982-ல் கொரியாவின் டுக் கூ கிம் சண்டைக்குப் பிறகு இறந்ததும் உலகப் பட்டச் சண்டை 15 ரவுண்டிலிருந்து படிப்படியாக 12-க்கு இறங்கியது. 1996-ல் வந்த அமெரிக்கச் சட்டம், ஒரு மாநிலம் மருத்துவக் காரணத்தால் தடுத்த பாக்ஸரை இன்னொரு மாநிலம் ஏற்றுவதைக் கட்டுப்படுத்தியது. 2000-ல் அலி பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. அது முக்கியமாகப் புரமோட்டர் ஒப்பந்தம், காசு பற்றியது.

இங்கே நாங்கள் நடத்துவது அமெச்சூர், மூன்று ரவுண்டு, டாக்டர் இருக்கிறார், நடுவர் சட்டென்று நிறுத்துகிறார். அலி கேஸை இதோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ரிங்கில் ஒப்பிட முடியாதுதான். ஆனால் எங்க பசங்க ரிங்கில் வாங்குவது கொஞ்சம், கிளாஸில் வாங்குவதுதான் மொத்தமும். டோர்னமென்ட் நெருங்கினால் தினமும் ஸ்பாரிங், அதுவும் 52 கிலோ பையனை 63 கிலோ பையனோடு விட்டு, தாங்கறானா பார்க்கலாம் என்று. தாங்கினால் ரோசக்காரன் என்று பெயர். ஒரு பையன் கயிற்றில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, அலி ஸ்டைல்" என்று சிரித்துக்கொண்டே வாங்கினான், போன டோர்னமென்ட்டுக்கு முந்தின வாரம். ஹெட்கார்டு போட்டிருந்தான். புருவம் கிழியாமல் அது காப்பாற்றும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது.

ஏன் விடுகிறார்கள் என்பதும் தெரியும். மெடல் சர்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட், ரயில்வே, போலீஸ், ராணுவம். அந்தப் பையனின் அம்மா என்னிடமே சொன்னார், "இந்த ஒரு மெடல் வந்துட்டா போதும்ப்பா, அப்புறம் நானே வேணாம்னு சொல்லிடுவேன்." பண்டினியும் அதைத்தான் கேட்டார், இன்னும் ஒன்று. இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

வாத்தியாரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஸ்பாரிங் வாரம் ஒரு நாள், எடைக்கு எடை, யார் எத்தனை ரவுண்டு போட்டார்கள் என்று நோட்டில் எழுதுவது, தலைவலி என்று சொன்னால் அன்றைக்கும் அடுத்த வாரமும் கிளவுஸ் கிடையாது. கொஞ்சம் முணுமுணுத்தார், ஒத்துக்கொண்டார். நோட்டு இப்போது வாசலின் டப்பா பக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது, சண்டை அன்று துண்டை அந்தப் பையனுக்குச் சொந்தக்காரன் இல்லாத, அவன் ஜெயித்தால் எந்த லாபமும் இல்லாத, ஆனால் தினமும் அவனைப் பார்க்கிற ஒருவரிடம் கொடுப்பது, அவர் வீசினால் வாத்தியார் உட்பட யாரும் கேள்வி கேட்கக்கூடாது.

"அப்போ நான் எதுக்குடா இருக்கேன்?" என்றார். டண்டீ கதையைச் சொன்னேன். ஃபுட்ச் கதையையும் சொன்னேன். "ஃபுட்ச்சும் வாத்தியார்தானே, அவரு போடலையா?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நோட்டு வரைக்கும் வந்தாச்சு. துண்டு விஷயம் மட்டும் பேச்சில் இருக்கிறது, அடுத்த டோர்னமென்ட்டுக்குள் ஒரு முடிவு வேண்டும் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.